அலுவலகப் பயணத்துக்கும் வார இறுதிக் காட்டுப் பாதைக்கும் பட்டன் வைத்த சைக்ளோகிராஸ் டயர் ஏற்றதா?

கரைவழிப் பயணி (வால்தம்ஸ்டோ, லண்டன்)

அனைவருக்கும் வணக்கம். வடகிழக்கு லண்டனில் வால்தம்ஸ்டோவில் குடியிருந்துகொண்டு கேனரி வார்ஃபில் வேலை பார்க்கிறேன். போக வர எல்லாமே சைக்கிள்தான். சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளும் ‘சைக்கிள் டு வொர்க்’ திட்டத்தில் எடுத்த சைக்ளோகிராஸ் வண்டி (சேறு, புல், மணல் பாதைப் பந்தயங்களுக்கான வகை) அது. அலுமினியச் சட்டகம், டிஸ்க் பிரேக், மட்கார்டு பொருத்துவதற்கான துளைகள் எல்லாம் இருக்கின்றன. லீ பிரிட்ஜ் சாலையின் சைக்கிள் தடத்தில் இறங்கி, லீ நேவிகேஷன் கால்வாயின் கரைப் பாதையைப் பிடித்து, ஹாக்னி விக் வழியாகத் தெற்கே வந்து, போ லாக்ஸ் அருகில் லைம்ஹவுஸ் கட் கால்வாய்க்கு மாறிக்கொள்வேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பெரும்பகுதி தாரும் சிமெண்டும், இடையிடையே சரளை, பாலங்களுக்கு அடியில் கருங்கல் பாவிய குறுகலான, எப்போதும் ஈரம் காயாத திருப்பங்கள்.

வார இறுதியில் சிங்ஃபோர்ட் வழியாக எப்பிங் காட்டுக்குப் போய், ஹை பீச் தேநீர்க் குடில் வரை ஓட்டிவிட்டுத் திரும்புவது வழக்கம். அங்கே சரளை போட்டு இறுக்கிய அகலமான பாதைகளும் உண்டு, ஹார்ன்பீம் மரங்களுக்கிடையே வேர்கள் துருத்திக்கொண்டிருக்கும் ஒற்றையடிப் பாதைகளும் உண்டு. நான் இரண்டிலும் ஓட்டுகிறேன். ஆனால் மலைச் சைக்கிள்காரர்களைப் போலத் தாவுவதோ பாய்வதோ இல்லை.

வண்டியோடு வந்தவை 33 மி.மீ. அகலமுள்ள, முழுக்கப் பட்டன் (டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர் குமிழ்கள்) வைத்த சைக்ளோகிராஸ் டயர்கள். பின் டயர் மாற்றும் கட்டத்துக்கு வந்துவிட்டது. நடுவிலுள்ள பட்டன்கள் தேய்ந்து தரைமட்டமாகி, விரலால் தடவினால்தான் ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறது. ஆனால் ஓரத்துப் பட்டன்களில், அச்சிலிருந்து வெளிவந்தபோது ஒட்டியிருந்த மெல்லிய ரப்பர் முடிகள்கூட இன்னும் உதிரவில்லை. முன் டயர் அவ்வளவாகத் தேயவில்லை.

இதே மாதிரி டயரையே மறுபடி வாங்கலாமா, அல்லது வேறு வகைக்குப் போவதா என்பதுதான் என் கேள்வி. மழையில் தார்ச்சாலை வழுக்காமலிருக்கப் பட்டன்கள் உதவும் என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் பாலத்தடித் திருப்பங்களில் முன் சக்கரம் ஒரு கணம் நெளிந்து கொடுப்பதை நான் தெளிவாக உணர்கிறேன். எந்த அகலம் வரை போகலாம், முள்ளுக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் எது தாங்கும், காற்று எவ்வளவு வைப்பது என்பவற்றையும் அறிய விரும்புகிறேன். என் எடை 78 கிலோ. முதுகில் மடிக்கணினிப் பை இருக்கும். இன்னொரு ஜோடிச் சக்கரம் வாங்கி வைக்க வீட்டில் இடமில்லை என்பதால், ஒரே ஜோடி டயர் இரண்டு வேலைக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

ஸ்போக் கம்பி (எசெக்ஸ்)

வணக்கம் நண்பரே. எசெக்ஸில் ஒரு சைக்கிள் பட்டறையில் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் காட்டில்தான் நானும் ஓட்டுகிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் பின் டயரைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரிகளிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நடுப்பகுதி மொட்டையாகி ஓரம் புத்தம் புதிதாக இருக்கிறதென்றால், அந்த டயர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தாரின் மேல் நேராக உருண்டே கழித்திருக்கிறது. இதே டயரை மறுபடி வாங்கினால், புதிய பட்டன்களையும் தாரில்தான் தேய்த்துத் தீர்ப்பீர்கள். சைக்ளோகிராஸ் பந்தய டயரின் ரப்பர் ஈரப் புல்லையும் சேற்றையும் பற்றுவதற்காக மென்மையாக வார்க்கப்படுவது. அது தாரில் வேகமாகக் கரையும்.

மழையில் பட்டன் உதவுமா என்ற கேள்விக்கு என் பதில், தார்ச்சாலையில் உதவாது என்பதே. காரின் டயரில் வரிகள் வெட்டியிருப்பது அடியில் சிக்கும் தண்ணீரை வெளியேற்றுவதற்காக. அங்கே டயர் தட்டையானது, அகலமானது, வேகமும் அதிகம். சைக்கிள் டயரோ குறுகலானது, வட்டமான முதுகு கொண்டது, காற்றழுத்தமும் கூடுதலானது. நாம் ஓட்டும் வேகத்தில் அது தண்ணீரை இருபுறமும் பிளந்துகொண்டு தரையைத் தொட்டுவிடும். தாரிலும் கல்லிலும் பிடிப்பு என்பது ரப்பர் தரையைத் தொடும் பரப்பிலிருந்தும் அந்த ரப்பரின் தன்மையிலிருந்தும் வருகிறது. உயரமான பட்டன்களை இடைவெளி விட்டு வைத்தால் தொடும் பரப்பு குறைகிறது. அதோடு, திருப்பத்தில் சாயும்போது ஒவ்வொரு பட்டனும், நிறுத்தி வைத்த அழிரப்பரைப் பக்கவாட்டில் தள்ளினால் வளைவதைப் போல, வேரிலிருந்து வளைகிறது. பாலத்தடியில் உங்கள் முன் சக்கரம் நெளிவதாக நீங்கள் உணர்வது பெரும்பாலும் இதுதான். நேராக ஓட்டும்போதும் பட்டன்கள் அழுந்தி வளைந்து மீள்வதில் உங்கள் கால் கொடுக்கும் உழைப்பில் ஒரு பங்கு வெப்பமாகிப் போய்விடும். தாரில் கேட்கும் அந்த இரைச்சலும் அதனால் வருவதே. சாலையில் பூசிய வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, ஈர இலைக் குவியல் ஆகிய மூன்றிலும் எந்த டயரும் வழுக்கும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டன் எங்கே வேலை செய்கிறதென்றால், அது உள்ளே புதையக்கூடிய தரையில். மண், புல், இளகிய சரளை, சேறு ஆகியவற்றில் அது தரைக்குள் இறங்கிப் பற்றுகிறது. எப்பிங் காட்டில் கோடையில் மண் இறுகிக் கிடக்கும். அப்போது உயரமான பட்டன் தேவையே இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை ஒற்றையடிப் பாதைகள் களிமண் குழம்பாகிவிடும். அப்போதுதான் பட்டனின் அருமை தெரியும். ஆனால் அந்தக் களிமண் ஒரு சுற்றிலேயே பட்டன்களின் இடைவெளிகளை அடைத்து, சட்டகத்துக்கும் டயருக்கும் நடுவே அப்பி, சக்கரத்தையே நிறுத்திவிடுவதும் உண்டு. அந்த மாதங்களில் சரளைப் பாதைகளில் ஓட்டுவதே வண்டிக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது. ஈரத்தில் சக்கரம் போன தடம் வசந்தகாலம் வரை அப்படியே பள்ளமாகக் கிடக்கும். (ஆம்ப்ரெஸ்பரி பேங்க்ஸ், லௌட்டன் கேம்ப் ஆகிய இரண்டு பழங்கால மண்கோட்டைகளின் மேல் சைக்கிள் ஓட்டவே கூடாது. புதிதாகக் காட்டுக்கு வருபவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.)

ஆகவே உங்களுக்கு வேண்டியது, நடுவில் தாழ்வாகவும் நெருக்கமாகவும் புடைப்புகள் வைத்து, ஓரத்தில் மட்டும் ஓரளவு உயரமான பட்டன்கள் கொண்ட டயர். நேராக ஓடும்போது அது கிட்டத்தட்ட வழவழப்பான டயரைப் போல ஓடும். மண் பாதையில் சாயும்போது ஓரப் பட்டன்கள் தரையைப் பற்றும். கான்டினென்டல் சைக்ளோகிராஸ் ஸ்பீட், ஷ்வால்பே ஸ்மார்ட் சாம், விட்டோரியா டெரெனோ டிரை ஆகியவை இந்தக் குணத்துக்கு அருகில் வருபவை. பனாரேசர் கிராவல்கிங் எஸ்கே, கெண்டா ஸ்மால் பிளாக் எயிட் ஆகிய இரண்டும் முழு அகலத்துக்கும் சிறு சிறு சதுரக் கட்டைகளை நெருக்கி அடுக்கியவை. இவையும் தாரில் நன்றாகவே உருளும். ஷ்வால்பே ஜி-ஒன் ஆல்ரவுண்டில் சின்னஞ்சிறு வட்டப் புள்ளிகள். உலர்ந்த சரளையில் அருமையாக ஓடும், சேற்றில் கைவிட்டுவிடும்.

அகலத்தைப் பொறுத்தவரை, சட்டகமும் ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) இடம் கொடுக்கும் அளவுக்குப் பெரிதாகப் போங்கள் என்பேன். 33 மி.மீ. டயரிலிருந்து 38 மி.மீ. டயருக்குப் போனால், குறுக்குவெட்டின் பரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அவ்வளவு கூடுதல் காற்று உள்ளே இருப்பதால், அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினாலும் வேரிலோ கல்லிலோ மோதும்போது ரிம் டியூபைக் கடிப்பது குறைகிறது. தாரில் அது உங்களை மெதுவாக்கிவிடும் என்று அஞ்ச வேண்டாம்; கரடுமுரடான பரப்பில் உடம்பு குலுங்குவதில் வீணாகும் சக்தியும் ஒரு கணக்குதானே. ஆனால் வாங்குவதற்கு முன் செயின்ஸ்டே, சீட்ஸ்டே (பின் சக்கரத்தின் இருபுறமும், முறையே கீழேயும் மேலேயும் வரும் சட்டகக் குழாய்கள்), ஃபோர்க் மூன்றிலும் உள்ள இடைவெளியை அளந்துவிடுங்கள். டயரின் இருபுறமும் 5 மி.மீட்டராவது வேண்டும், களிமண் நாட்டில் 6 இருந்தால் நிம்மதி. பெட்டியில் அச்சிட்ட அகலத்தை மட்டும் நம்பாதீர்கள். அகலமான ரிம்மில் 35 என்று போட்ட டயர் 37 வரை விரியக்கூடும்.

பஞ்சர் விஷயத்தில் நம் பகுதிக்கென்றே இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று சிக்கிமுக்கிக் கல். மழையில் கழுவி வந்த சில்லு, ஈரத்தில் வழவழப்பாகிவிட்ட ரப்பரை எளிதாக அறுத்துவிடும். இன்னொன்று, வேலியாக வளர்க்கும் ஹாதார்ன் செடியின் முள். பறவைகள் கூடு கட்டும் பருவம் என்பதால் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வேலிகளை வெட்டாமல் விட்டு, செப்டம்பருக்குப் பிறகு இயந்திரத்தால் வெட்டுகிறார்கள். அப்போது எசெக்ஸின் சிறு சாலைகளெல்லாம் முள்ளாகக் கிடக்கும். கால்வாய்க் கரையில் கண்ணாடிச் சில்லு வேறு. பந்தய டயர்கள் பலவற்றில் தடுப்புப் பட்டையே கிடையாது. ஒரே டயருக்குப் பல மாதிரிகள் விற்பார்கள்; அவற்றில் பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். எடை சற்றுக் கூடினாலும், குளிர்கால மாலையில் விரல் விறைத்துப்போய் டியூப் மாற்றும் வேலை குறையும்.

ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றதாக இருந்தால் அதையும் யோசியுங்கள். முள் குத்திய சிறு துளையைச் சீலன்ட் திரவம் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் அந்தத் திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடும். பார்த்துப் பார்த்து ஊற்றிவர மனமில்லையென்றால் டியூபே போதும்.

கெண்ட்வாசி (கெண்ட், பெல்ஜியம்)

வணக்கம். ஆய்வுப் படிப்புக்காக இங்கே வந்தவன் நான். குளிர்காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்ளோகிராஸ் பந்தயம் பார்க்கக் கிளம்பிவிடுவேன். ஸ்போக் கம்பி ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உங்கள் வண்டியில் ஏன் 33 மி.மீ. டயர் வந்தது என்பதை அறிந்துகொண்டால், அதைக் கைவிடத் தயங்க மாட்டீர்கள்.

சர்வதேசச் சைக்கிள் சங்கமான யூசிஐயின் விதிப்படி சைக்ளோகிராஸ் பந்தயத்தில் டயரின் அகலம் 33 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. ஆணி பதித்த டயரும் கூடாது. அதனால் டயர் உற்பத்தியாளர்கள் பந்தயத்துக்கென்று செய்யும் டயர்களை அந்த எல்லைக்குள் நிறுத்திவிடுகிறார்கள். வேலைக்குப் போய் வருபவருக்கு அந்த விதி எந்த வகையிலும் பொருந்தாது.

பந்தயத்தின் இயல்பையும் பாருங்கள். முன்னணி ஆண்கள் பந்தயம் சுமார் ஒரு மணி நேரம்தான். சேறான நாளில் ஓட்டுநர்கள் வழியிலுள்ள பராமரிப்பு இடத்தில் வண்டியை மாற்றிக்கொள்கிறார்கள். அழுக்கான வண்டியை உதவியாளர்கள் நீரைப் பீய்ச்சிக் கழுவி அடுத்த சுற்றுக்குத் தயாராக வைக்கிறார்கள். பலரும் ரிம்மில் பசை போட்டு ஒட்டும் டியூபுலர் டயர்களைப் பயன்படுத்துவதால், 1.5 பார் அளவுக்கும் அதற்குக் கீழேயும்கூட அழுத்தத்தைக் குறைத்து ஓட்ட முடிகிறது. அதாவது 20 பிஎஸ்ஐ அளவில். பட்டன்கள் அவ்வளவு அழகாகச் சேற்றைப் பற்றுவதற்கு அந்தத் தாழ்ந்த அழுத்தம் ஒரு பெரிய காரணம். நீங்கள் அதே டயரில் சாலைக்காக 60 பிஎஸ்ஐ வைத்து ஓட்டினால், பந்தயக்காரர் பெறும் பிடிப்பும் கிடைக்காது, சாலை டயர் தரும் ஓட்டமும் கிடைக்காது.

பந்தயக்காரர்களே எல்லாத் தரைக்கும் ஒரே பட்டனை வைப்பதில்லை. சேலஞ்ச் நிறுவனத்தின் டயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆழ்ந்த சேற்றுக்கு லீமுஸ், எல்லாவற்றுக்கும் பொதுவாக, அம்பு நுனி வடிவப் புடைப்புகள் கொண்ட கிரிஃபோ, உலர்ந்த தரைக்கு, நடுவில் அரத்தின் முகம் போன்ற நுண்ணிய வரிகளும் ஓரத்தில் பட்டனும் கொண்ட சிகேன். லீமுஸில் பட்டன்கள் உயரமாகவும் தள்ளித் தள்ளியும் நிற்கும். சேறு தானாக உதிர அந்த இடைவெளி வேண்டும். பெல்ஜியக் கடற்கரையிலுள்ள காக்ஸைடே மணல்மேடுகளில் நடக்கும் பந்தயத்துக்குச் சேற்று டயரை யாரும் முதலில் தேட மாட்டார்கள். மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போக, நுண்ணிய வரி டயர்தான் ஏற்றது. உங்களுக்கு மேலே பரிந்துரைக்கப்பட்ட டயர்களெல்லாம் அந்தச் சிகேன் வகையின் அன்றாட உறவினர்கள்தாம். ஆனால் சேலஞ்சின் பந்தய டயர்களையே வாங்கிவிடாதீர்கள். அவற்றின் துணி அடுக்கு மெல்லிய நூலால் ஆனது, லண்டனின் கண்ணாடிச் சில்லுக்குத் தாங்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஐயாவிடமிருந்து சற்று விலகுகிறேன். களிமண்ணில் அகலமான டயர் எப்போதும் நல்லதல்ல. அடியில் கெட்டியான தரை இருந்தால், குறுகலான டயர் மேற்சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கி அந்தக் கெட்டியைப் பிடிக்கும். சட்டகத்தில் இடைவெளியும் மிஞ்சும். குளிர்காலத்தில் காட்டுக்குள் கட்டாயம் போவேன் என்றால், 38ஐ விட 35 பாதுகாப்பான தேர்வு.

ரூஜ் பள்ளத்தாக்கு (ஸ்காபரோ, கனடா)

வணக்கம். நான் ரொறன்ரோவில், ஸ்காபரோப் பகுதியில் இருந்து வேலைக்குப் போய் வருகிறேன். ஹைலண்ட் கிறீக் ஓரமாகப் போகும் தார்ப் பாதையும், வார இறுதியில் கிரவல் பாதைகளும் எனக்கு வழமை. உங்கள் நிலைமை என்னுடையதைப் போலவே இருப்பதால் எழுதுகிறேன்.

முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ரயர்தான் போடவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மிதிக்கும் விசை முழுவதும் பின் சக்கரத்தின் வழியாகத்தான் தரைக்குப் போகிறது, உடற்பாரமும் அதிலேயே கூடுதலாக இறங்குகிறது. ஆகையால் பின் ரயர்தான் முதலில் தேயும், உருளும் எதிர்ப்பும் அதில்தான் கூடுதலாகத் தெரியும். முன் ரயரின் வேலை திசை திருப்புவதும் பிரேக் பிடிக்கையில் தாங்குவதும். பின் சக்கரம் சற்று வழுக்கினால் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் அநேகமாக நிலத்தில்தான் விழுவோம். இதனால் நான் பின்னுக்குத் தட்டையான நடுப்பகுதி உள்ள ரயரும், முன்னுக்குப் பட்டன் கூடிய ரயரும் போட்டிருக்கிறேன். கரைவழிப் பயணியின் முன் ரயர் இன்னும் நன்றாக இருக்கிறது என்கிறார். அதை ஏன் கழற்ற வேண்டும்? பின் ரயரை மட்டும் மாற்றிப் பார்க்கலாமே.

குளிர்காலம் பற்றியும் ஒரு சொல். இங்கே பனிக்காலத்தில் பட்டன் ரயர் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். புதிதாக விழுந்த பனியில் பட்டன் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் உறைந்து கண்ணாடியாகிவிட்ட தரையில் எந்த ரப்பரும் பிடிக்காது, அதற்குக் கார்பைட் ஆணி பதித்த ரயர்தான் வேண்டும். ஷ்வால்பே மாரத்தான் வின்டர் அந்த வகை. லண்டனில் அப்படியான காலைகள் குறைவு என்பதால், அந்த நாட்களில் ரயிலில் போவதே நல்லது.

கரைவழிப் பயணி

மூவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு பொறுமையாக விளக்குவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

வண்டியைத் தலைகீழாக நிறுத்தி அளந்து பார்த்தேன். செயின்ஸ்டேயில், டயர் அகலமாக வரும் இடத்தில் 46 மி.மீ. இடைவெளி இருக்கிறது; ஃபோர்க்கில் அதைவிடக் கூடுதல். மட்கார்டு இல்லாமல் 40 வரையும் மட்கார்டோடு 35 வரையும் போடலாம் என்று வண்டியோடு வந்த கையேடு சொல்கிறது. அலுவலகத்துக்குப் போகிறவன் என்பதால் மட்கார்டை என்னால் விட முடியாது. எனவே அகலம் 35 என்று தானாகவே முடிவாகிவிட்டது. ரிம்மின் உள் அகலம் 19 மி.மீ.; டியூப்லெஸ் போடலாம் என்றுதான் எழுதியிருக்கிறது, ஆனாலும் இப்போதைக்கு டியூபோடே இருக்க விரும்புகிறேன்.

ரூஜ் பள்ளத்தாக்கு அண்ணா சொன்னபடி முன்னே பழைய பட்டன் டயரை வைத்துக்கொள்ளலாமா என்பதில்தான் தடுமாறுகிறேன். அவர் சொல்லும் காரணம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் பாலத்தடியில் நெளிவது அந்த முன் டயர்தானே. ஸ்போக் கம்பி ஐயா இதற்கு என்ன சொல்வார் என்று அறிய ஆவல். காற்றழுத்தம் பற்றியும் எண்ணாகவே சொன்னால் உதவியாக இருக்கும்.

ஸ்போக் கம்பி (எசெக்ஸ்)

முன்னும் பின்னும் வெவ்வேறு டயர் போடுவது நல்ல முறைதான். காட்டுக்கு மட்டும் போகிறவராக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் முன் சக்கரம் வழுக்கினால் விழுவோம் என்று அவர் சொல்லும் அதே காரணத்தால்தான், உங்கள் பாதைக்கு நான் வேறு முடிவுக்கு வருகிறேன். வாரத்தில் ஐந்து நாள் நீங்கள் சாய்ந்து திரும்புவது ஈரக் கருங்கல்லில். பக்கத்திலேயே கால்வாய்த் தண்ணீர். அங்கே முன் சக்கரத்துக்கு வேண்டியது வளையாத, தாழ்ந்த புடைப்பு. மேலும் அந்த முன் டயர் மென்மையான பந்தய ரப்பர். தடுப்புப் பட்டையும் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆகவே இரண்டுக்கும் 35 மி.மீ. அகலத்தில், தாழ்ந்த நடுப்பகுதியும் ஓரப் பட்டனும் உள்ள ஒரே டயரை வாங்குங்கள். பக்கச்சுவரில் 35-622 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். டயரில் 700 என்றும் போட்டிருக்கும்; அது பெயரளவு, 622 மி.மீ. என்பதுதான் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம். உங்கள் பயன்பாட்டுக்கு, இந்த அளவில் தடுப்புப் பட்டையோடு கிடைத்தால் ஸ்மார்ட் சாமை எடுப்பேன்; கனமானது, ஆனால் நெடுநாள் உழைக்கும். ஓட்டம் இன்னும் இலகுவாக வேண்டுமென்றால் கான்டினென்டல் சைக்ளோகிராஸ் ஸ்பீட். அதன் நடுப்பகுதி ஸ்மார்ட் சாமைவிடத் தட்டையானது, தாரில் நன்றாக ஓடும், சேற்றில் அதைவிட முன்னதாக வழுக்கும். பழைய முன் டயரைத் தூக்கிப் போடாதீர்கள். குளிர்காலத்தில் காட்டு ஒற்றையடிப் பாதைக்கென்றே ஒரு நாளை ஒதுக்கினால், முதல் நாள் இரவு அதை முன் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளலாம். டிஸ்க் பிரேக் வண்டியில் அது சில நிமிட வேலை, இன்னொரு சக்கரமும் தேவையில்லை. கெண்ட்வாசி சொன்ன ‘சேற்றை அறுத்து இறங்கும் குறுகலான டயர்’ உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

காற்று விஷயம். உங்கள் எடைக்கும் பைக்கும் 35 மி.மீ. டயரில் டியூபோடு, சாலை நாட்களில் பின்னே 50, முன்னே 43 பிஎஸ்ஐ அளவில் தொடங்குங்கள். பின்னே கூடுதல் பாரம் இறங்குவதால் இரண்டுக்கும் ஒரே அளவு வைப்பது சரியல்ல. காட்டுக்குப் போகும்போது பின்னே 40, முன்னே 34 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் வேர்களில் ரிம் டியூபைக் கடிக்கும், டியூபில் பாம்பு கொத்தியது போல இரட்டைத் துளை விழும். இந்த எண்களை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், இரண்டு இரண்டாகக் கூட்டியும் குறைத்தும், கை அதிர்வதையும் திருப்பத்தில் டயர் நெளிவதையும் கவனித்து உங்களுக்கான அளவைப் பிடியுங்கள். கட்டை விரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் சாலை டயருக்கு ஓரளவு உதவும். இந்த அழுத்தத்தில் உதவாது, அளவுமானி உள்ள பம்ப் வேண்டும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்து மாட்டுங்கள். பின் டயர் தேய்ந்ததும், முன்னே இருப்பதைப் பின்னுக்கு மாற்றிப் புதியதை முன்னே போடுவதே முறை. நல்ல டயர் எப்போதும் முன்னே இருக்க வேண்டும். டியூபை உள்ளே வைக்கும் முன் ரிம் டேப் நகர்ந்து கம்பித் துளை எதுவும் தெரிகிறதா என்று பாருங்கள். குளிர்காலத்துக்காக வைத்திருக்கப்போகும் அந்தப் பழைய டயரின் உட்புறத்தை ஒரு பருத்தித் துணியால் சுற்றிலும் மெல்லத் துடைத்தெடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாமல் ரப்பருக்குள் முறிந்து நிற்கும் ஹாதார்ன் முள் நுனி, துணியின் இழையைப் பிடித்து இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதை இடுக்கியால் உட்பக்கமாகவே பிடுங்கிவிட்டு, பிறகு டியூபை வையுங்கள்.